மாதச் செலவில் எதையெல்லாம் இலவச வழியால் அடித்துவிடலாம்? (தென்னாப்பிரிக்கா)

கதிர்_மிட்ராண்ட்

எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஜோகன்னஸ்பர்க் பக்கத்துல மிட்ராண்ட்ல இருக்கோம். மகள் பத்தாவது, மகன் இந்த வருஷம்தான் ஒண்ணாவது, ரெண்டு பேருமே அரசுப் பள்ளி. வீட்ல ஒரே சம்பளம். போன வாரம் பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வச்சுக்கிட்டு நானும் மனைவியும் ஒவ்வொரு வரியா அடிக்கோடு போட்டோம். ஜிம், டிவி சந்தா, ஆபீஸ் மென்பொருள் சந்தா, மகளோட மேத்ஸ் ட்யூஷன், கணக்குக்கு மாசக் கட்டணம், கடன் மதிப்பெண் காட்டுற ஆப், வரிக்கணக்கு போட்டுத் தர்றவருக்கு வருஷா வருஷம் ஒரு தொகை, என்னோட பிரஷர் மாத்திரை. தனித்தனியா பார்த்தா எதுவும் பெருசில்ல. கூட்டினா வாடகையில பாதியைத் தொடுது.

கூப்பன், பாயின்ட் கார்டு பத்தி வேண்டாம். அதெல்லாம் செலவு பண்ணினாத்தான் மிச்சம். இந்த வரிகள்ல எதை அப்படியே அடிச்சுட்டு இலவசமா பார்த்துக்கலாம்? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

நெல்லை_கேப்டவுன்

முதல்ல மென்பொருளை அடிங்க. வீட்டுக் கணினியில லிப்ரே ஆபீஸ்ங்கிற இலவச மென்பொருளைப் போட்டா கடிதம், கணக்குத் தாள், ஸ்லைடு எல்லாம் ஓடும். வேர்டு, எக்செல் கோப்புகளைத் திறக்கும், அதே வடிவத்துல சேமிக்கவும் செய்யும். பெரிய மேக்ரோ எழுதி வேலை பாக்குறவங்களுக்கு மட்டும் இடிக்கும். அந்த வேலையை ஆபீஸ் லேப்டாப்புலயே வச்சுக்கோங்க, சந்தாவைக் கம்பெனி கட்டட்டும்.

பழைய கணினி புது விண்டோஸைத் தாங்கலைன்னா தூக்கிப் போடாதீங்க, உபுண்டுங்கிற இலவச இயங்குதளத்தைப் போடுங்க. அது இந்த மண்ணுக்காரர் கொடுத்தது. வெல்கம்ங்கிற சுரங்க ஊர்ல பிறந்த மார்க் ஷட்டில்வொர்த், 1999-ல் தன் நிறுவனத்தை வித்துட்டு, 2002-ல் விண்வெளிக்குப் போய் வந்து, 2004-ல் இதை ஆரம்பிச்சார். ஆரம்ப வருஷங்கள்ல கேட்டவங்களுக்கெல்லாம் தபால் செலவுகூட வாங்காம குறுந்தகடு அனுப்பினாங்க. நான் கல்லூரியில படிக்கும்போது திருநெல்வேலி விலாசத்துக்கு வந்த அந்த உறையை இப்பவும் பத்திரமா வச்சிருக்கேன். அப்ப எங்க வீட்ல மென்பொருளுக்குக் காசு கொடுக்கிறது நினைச்சுக்கூடப் பார்க்க முடியாத விஷயம். இன்னிக்கு நான் இந்த நாட்டுல உக்காந்து சம்பாதிக்கிறதுக்கு அந்தக் குறுந்தகடு ஒரு காரணம்.

அடுத்தது மேத்ஸ். சியாவுலா தளத்துல பத்து முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் கணிதமும் இயற்பியல்-வேதியியலும் முழுப் பாடநூலா இலவசமா இருக்கு. இந்த நாட்டுப் பாடத்திட்டத்துக்காகவே எழுதினது. 2002-ல் கேப்டவுன் பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்கள் தொடங்கின முயற்சி அது. பிறகு கல்வித் துறையே 2012-ல் அந்தப் புத்தகங்களை அச்சடிச்சு அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்துச்சு. மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு) பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்பும் கல்வித் துறைத் தளத்துல இருக்கு. ட்யூஷனை உடனே நிறுத்தச் சொல்லல. ஒரு டேர்ம் இந்தப் புத்தகத்துல பயிற்சிக் கணக்கு மட்டும் போட வச்சுப் பாருங்க. அதுக்கப்புறமும் இடிக்கிற பாடத்துக்கு மட்டும் ஆள் வைங்க.

பீனிக்ஸ்_தேவன்

வணக்கம் கதிர் தம்பி. நான் டர்பனில் பிறந்து வளர்ந்தவன். தமிழைப் பெரியவனான பிறகு முயன்று கற்றேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் உங்கள் பட்டியலில் வரியையும் கடன் மதிப்பெண்ணையும் எடுத்துக்கொள்கிறேன்.

வரி: வரித் துறையான சார்ஸின் ஈ-ஃபைலிங் (இணையத்தில் வரிக்கணக்குச் சமர்ப்பிப்பது) இலவசம். சம்பளம் மட்டுமே வருமானம் என்றால், உங்கள் நிறுவனமும் வங்கியும் மெடிக்கல் எய்டும் (மருத்துவக் காப்பு நிதி) அனுப்பிய விவரங்களை வைத்துச் சார்ஸே கணக்குப் போட்டுக் குறுஞ்செய்தி அனுப்பிவிடும். சரியாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். பலர் இதற்குத்தான் ஆண்டுதோறும் ஒருவருக்குப் பணம் தருகிறார்கள்.

ஆனால் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் ஓர் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். நீங்கள் இங்கே வரிக் குடியாளர் (வரிக் கணக்கில் இந்நாட்டுவாசி) ஆகிவிட்டால் உலகில் எங்கே வரும் வருமானமும் இங்கே கணக்கில் வரும். ஊரில் உள்ள வீட்டு வாடகை, வைப்பு நிதி வட்டி எதுவும் சார்ஸ் போட்ட கணக்கில் இருக்காது. அவற்றை நீங்களே சேர்க்க வேண்டும். ஊரில் வரி இல்லாத என்.ஆர்.ஈ. (வெளிநாட்டில் வாழ்பவர் ஊரில் வைக்கும் வங்கிக் கணக்கு) வட்டியும் இங்கே விலக்கு ஆகாது. அப்படிப்பட்ட வருமானம் உள்ளவர்கள் முதல் ஆண்டு மட்டும் நல்ல கணக்காளரிடம் காட்டிவிடுங்கள், அது வீண் செலவு இல்லை.

கடன் மதிப்பெண்: 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி, ஒவ்வொரு கிரெடிட் பீரோவும் (கடன் வரலாற்றைத் திரட்டும் நிறுவனம்) பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை உங்கள் முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்.டி.எஸ். ஆகியவற்றிடம் நான்கு மாத இடைவெளியில் மாறி மாறிக் கேட்டால் ஆண்டு முழுவதும் கண்காணித்த மாதிரி ஆகிவிடும். அந்த ஆப்பை அடித்துவிடுங்கள்.

கடல்காற்று

கதிர் அண்ணா, நான் டர்பன்ல நர்ஸ். உங்க பிரஷர் மாத்திரை வரியைப் பார்த்ததும் எழுதாம இருக்க முடியல. கம்பெனி மெடிக்கல் எய்ட் இருக்கா? அப்ப மாத்திரைக் காசு எங்கிருந்து போகுது? மெடிக்கல் எய்டுக்குள்ள உங்க பேர்ல இருக்கிற சேமிப்புக் கணக்கிலிருந்தா, கையிலிருந்தா?

கதிர்_மிட்ராண்ட்

இருக்கும்மா. வருஷ நடுவுல சேமிப்புக் கணக்கு காலியாயிடும், அதுக்கப்புறம் கையிலிருந்துதான் போகுது.

கடல்காற்று

அப்படிப் போக வேண்டியதே இல்லண்ணா. இரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா, தைராய்டு குறைவு, வலிப்பு இதெல்லாம் நாள்பட்ட நோய்ப் பட்டியல்ல இருக்கு. எவ்வளவு மலிவான பிளானா இருந்தாலும் இந்தப் பட்டியல்ல உள்ள நோய்க்கு டாக்டர் பார்க்கிறது, பரிசோதனை, மருந்து மூணுக்கும் மெடிக்கல் எய்ட் தன் பொது நிதியிலிருந்து கொடுக்கணும், உங்க சேமிப்பிலிருந்து எடுக்கக்கூடாது. இது சட்டம், அவங்க தர்ற சலுகை இல்ல.

செய்ய வேண்டியது ஒண்ணுதான். டாக்டர்கிட்ட நாள்பட்ட நோய் விண்ணப்பப் படிவத்தை நிரப்பச் சொல்லி, நோய்க் குறியீட்டோட உங்க மெடிக்கல் எய்டுக்கு அனுப்பணும். பதிவாயிட்டா அவங்க மருந்துப் பட்டியல்ல உள்ள மாத்திரையை அவங்க சொல்ற மருந்தகத்துல வாங்குங்க. வேற பிராண்டு, வேற கடைன்னு போனா வித்தியாசத் தொகை உங்க தலையில விழும். படிவம் நிரப்பாததால மாசாமாசம் காசு கட்டிக்கிட்டிருக்கிற நம்ம ஆளுங்களை வார்டுல பார்த்துப் பார்த்து எனக்கு மனசு ஆறல. சிலர் காசு தீர்ந்ததும் மாத்திரையையே நிறுத்திடறாங்க. அப்புறம் பக்கவாதத்தோட வர்றாங்க. இதைப் படிக்கிறவங்க நாளைக்கே போன் பண்ணிக் கேளுங்க.

மெடிக்கல் எய்ட் இல்லாதவங்களுக்கு அரசு கிளினிக்ல அடிப்படை மருத்துவம் இலவசம். நோய் கட்டுக்குள்ள இருக்கவங்க ஒவ்வொரு தடவையும் வரிசையில நிக்க வேண்டாம். பக்கத்துத் தனியார் மருந்தகம் மாதிரி ஒரு இடத்துல அரசு மருந்துப் பொட்டலத்தை வாங்கிக்கிற திட்டம் 2014-லேயே வந்தாச்சு. கிளினிக்ல சொல்லிப் பதிவு பண்ணணும். பொட்டலத்துக்குக் காசு கிடையாது.

மணி_ரோஸ்பேங்க்

எனக்கு ஒரு நெருடல். நம்மில் பலர் நல்ல சம்பளம் வாங்குறவங்க. கிளினிக், கோயில் அன்னதானம், இலவச மின்சாரம்னு எல்லாத்திலும் நாமளும் போய் நின்னா, ஒண்ணுமே இல்லாதவங்க இடத்தை எடுத்துக்கிற மாதிரி ஆகாதா? போன மாசம் ஒருத்தர் குழுவில் "வார இறுதியில் சாப்பாட்டுச் செலவே இல்லை, கோயிலுக்குப் போயிடுவோம்"னு பெருமையா எழுதியிருந்தார். படிக்கவே சங்கடமா இருந்தது.

சாட்ஸ்வர்த்_சரோஜா

மணி, நல்ல கேள்வி கேட்டீர்கள். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. இந்தக் கேள்வியோடு நீண்ட காலம் வாழ்ந்திருக்கிறேன்.

இலவசமாகக் கிடைப்பதில் இரண்டு வகை உண்டு. நீங்கள் எடுத்தால் அடுத்தவருக்குக் குறையாதவை ஒரு வகை. நெல்லைத் தம்பி சொன்ன பாடநூல், மென்பொருள், கடற்கரை நடைபாதை, நகராட்சி நூலகம், சட்டம் உங்களுக்குத் தரும் கடன் அறிக்கை எல்லாம் இதில் அடங்கும். நூலகத்துக்கு ஆள் வரவில்லை என்றால் நேரத்தைக் குறைப்பார்கள், பிறகு கதவைச் சாத்துவார்கள். நீங்கள் போவதால்தான் அது நிலைக்கும். இதில் தயக்கமே வேண்டாம்.

நீங்கள் எடுத்தால் அடுத்தவருக்குக் குறைபவை மற்றொரு வகை. கிளினிக் வரிசை அப்படி. ஏழை வீடுகளுக்கென்று மாதம் 50 யூனிட் கொடுக்கும் மின்சாரம் அப்படி. அதற்கு வருமான வரம்பு வைத்திருக்கிறார்கள், வரம்புக்குள் இருப்பவர் தலை நிமிர்ந்து வாங்க வேண்டும், வெளியே இருப்பவர் தொடக்கூடாது.

அன்னதானம் பற்றி என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். எங்கள் டர்பன் பக்கம் மவுண்ட் எட்ஜ்கோம்பிலோ உம்கேனி ரோட்டிலோ எந்தக் கோயிலிலும் யார் உட்கார்ந்தாலும் இலை போடுவார்கள், நீ யார் என்று கேட்க மாட்டார்கள். உட்காருங்கள், சாப்பிடுங்கள். ஆனால் அதை உங்கள் மாத பட்ஜெட்டில் ஒரு வரியாக எழுதாதீர்கள். எழுதும் அளவுக்கு நெருக்கடி என்றால் கோயில்காரர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், அரிசி பருப்பு கட்டி வீட்டுக்கே கொடுப்பார்கள். நெருக்கடி இல்லை என்றால் காலையிலேயே போய்க் காய் நறுக்குங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பெரிய வருத்தம் எனக்கு உண்டு. தகுதி உள்ளவர்கள் வெட்கத்தால் கேட்பதில்லை. பள்ளிக் கட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளியில், பெற்றோர் இருவரின் ஆண்டு வருமானத்தில் பத்து விழுக்காட்டை அந்தக் கட்டணம் எட்டினால் முழு விலக்கு உண்டு, அதற்குக் கீழே பகுதி விலக்கு கிடைக்கலாம். பள்ளி நிர்வாகக் குழுவிடம் படிவம் கேட்க வேண்டும். மறுத்தால் மாகாணக் கல்வித் துறைத் தலைவரிடம் முறையிடலாம். கட்டணம் கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளையை வகுப்பை விட்டு வெளியே நிறுத்தவோ ரிப்போர்ட்டைப் பிடித்து வைக்கவோ கூடாது. வேலை போன தகப்பன்மார்கள் கந்துவட்டிக்காரரிடம் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு படிவத்தைக் கேட்க அவர்களுக்கு வாய் வரவில்லை. 1860-இல் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் தங்கள் கூலியில் சேர்த்துத் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார்கள். அந்தப் பேரப்பிள்ளைகள் சட்டம் தருவதை வாங்க ஏன் கூச வேண்டும்?

மணி_ரோஸ்பேங்க்

அம்மா, அந்தப் பிரிப்பு எனக்குத் தெளிவைக் கொடுத்தது. நன்றி.

வைகை_ப்ரிட்டோரியா

ஜிம்முக்குப் பதில்: பார்க்ரன். சனிக்கிழமை காலை 5 கிலோமீட்டர், ஓடலாம், நடக்கலாம். ஒரு தடவை இணையத்துல பதிவு பண்ணிப் பார்கோடு எடுத்துக்கிட்டா போதும், எந்த ஊர்லயும் எப்பவும் கட்டணம் இல்ல. இந்த நாட்டுல முதல் பார்க்ரன் 2011 நவம்பர்ல ஜோகன்னஸ்பர்க் டெல்டா பார்க்ல நடந்தது. காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தை ஒன்பது தடவை ஜெயிச்ச புரூஸ் ஃபோர்டைஸ் கொண்டு வந்தது. பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போங்க.

டிவிக்கு: ஓப்பன்வியூங்கிற இலவச சாட்டிலைட் டிவியோட டிகோடரை ஒரு தடவை வாங்கிட்டா மாசச் சந்தா கிடையாது. தமிழ் சேனல் அதுல வராது, அதையும் சொல்லிடறேன்.

சுப்பு_87

தமிழ் நாவல், பத்திரிகை எல்லாம் பிடிஎஃப்பா டெலிகிராம்ல கொட்டிக் கிடக்கு. இணைப்பு கீழே [இணைப்பு நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்

சுப்பு, இணைப்பை எடுத்துவிட்டேன். இன்று உயிரோடு எழுதிக்கொண்டிருப்பவர்களின் புத்தகங்கள் அவை. ஏற்கனவே சில நூறு பிரதிகள் விற்கும் மொழியில் அதையும் நாமே பறித்தால் அடுத்த புத்தகம் எங்கிருந்து வரும்? முறையாக இலவசமாக இருப்பதே ஒரு வாழ்நாளுக்குத் தாங்கும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் பாரதி வரை இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம், எழுத்தாளர்களே மனமுவந்து கொடுத்த நூல்களுக்கு ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ். இவற்றின் இணைப்புகளைத் தாராளமாகப் போடுங்கள்.

சாட்ஸ்வர்த்_சரோஜா

சிறு பிள்ளைகளுக்கு ஸ்டோரிவீவர் தளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படக்கதைகள் தமிழிலும் இருக்கின்றன, ஜூலு மொழியிலும் இருக்கின்றன. ஒரே கதையை என் பேத்தி முதலில் ஜூலுவில் வாசிப்பாள், அது அவளுக்குப் பள்ளியில் வருகிறது. பிறகு நான் தமிழில் வாசிப்பேன். கதை முன்பே தெரிந்ததால் தமிழ்ச் சொற்களைத் தானே ஊகித்துவிடுகிறாள். எங்கள் தலைமுறையில் அறுந்துபோன மொழி இப்படியாவது அவள் காதில் விழுகிறதே என்று எனக்கு நிறைவாக இருக்கிறது.

டர்பன் வருபவர்கள் பிள்ளைகளைத் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள். 1849 முதல் இருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே வுட்ஸ் சைக்காட் என்ற மரத்தைக் கேட்டுப் பாருங்கள். 1895-இல் ஜான் மெட்லி வுட் ஒங்கோயே காட்டில் கண்டெடுத்த ஆண் மரம் அது. அதன் பெண் மரத்தை இதுவரை யாரும் கண்டதில்லை. உலகில் இன்று இருப்பதெல்லாம் அந்த ஒன்றிலிருந்து பிரித்து வளர்த்த கன்றுகள். என் வகுப்புப் பிள்ளைகள் அதன் முன்னால் வந்ததும் பேசாமல் நின்றுவிடுவார்கள்.

கதிர்_மிட்ராண்ட்

கேக்கவே நல்லாருக்கு அம்மா. காய்கறிக்கு ஏதாவது வழி இருக்கா? கறிவேப்பிலை ஒரு கொத்துக்கே இங்க விலை சொல்றாங்க.

சாட்ஸ்வர்த்_சரோஜா

எங்கள் தெருவில் கறிவேப்பிலைக்கு யாரும் காசு கொடுத்ததே இல்லை, வேலியோரம் தானாகக் கன்று வெடிக்கும். டர்பன் வந்தால் வேரோடு தருகிறேன். ஆனால் உங்கள் பக்கம் குளிர்காலத்தில் உறைபனி விழும், தரையில் வைத்தால் கருகிவிடும். தொட்டியில் வைத்து மே மாதம் முதல் உள்ளே எடுத்துவிடுங்கள்.

நெல்லை_கேப்டவுன்

"முதல் மாதம் இலவசம்" விளம்பரங்களைப் பத்தி யாரும் சொல்லலையே. கார்டு எண் கேக்கிற இலவசம் எதுவும் இலவசம் இல்ல. சேர்ந்த அன்னிக்கே ரத்து பண்ணிடுங்க. பெரும்பாலான சேவைகள் ரத்து பண்ணினாலும் அந்த மாசம் முடியிற வரைக்கும் ஓடும்.

பீனிக்ஸ்_தேவன்

அதே வகையில் இன்னொன்று உண்டு, தொகை மிகப் பெரியது. உயிலை "இலவசமாக எழுதித் தருகிறோம்" என்று நிதி நிறுவனங்கள் சொல்லும். எழுதுவது உண்மையிலேயே இலவசம்தான். உள்ளே அவர்களையே எக்ஸிக்யூட்டராக, அதாவது உயிலை நிறைவேற்றுபவராக, போட்டிருப்பார்கள். எக்ஸிக்யூட்டர் கட்டணத்துக்கு அரசு வகுத்த அளவு மொத்தச் சொத்து மதிப்பில் 3.5 விழுக்காடு, மேலே வாட் வரியும் உண்டு. கடனைக் கழித்த பிறகு இல்லை, கழிப்பதற்கு முன் உள்ள மதிப்பில். வீட்டுக் கடன் பாதி நிற்கும்போதும் முழு வீட்டு மதிப்புக்கும் கட்டணம் போகும். தகப்பனை இழந்த குடும்பங்கள் இந்தத் தொகையைப் பார்த்துத் திகைத்து நிற்பதை அலுவலகத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

செப்டம்பரில் தேசிய உயில் வாரம் வரும். அதில் சேர்ந்துள்ள வழக்கறிஞர்கள் எளிய உயிலைக் கட்டணமின்றி எழுதித் தருவார்கள். எங்கே எழுதினாலும் எக்ஸிக்யூட்டராக மனைவியையோ கணவரையோ போடச் சொல்லுங்கள், கட்டணத்தைப் பிறகு பேசிக் குறைக்க இடம் இருக்கும். சாட்சி இருவர் வேண்டும், பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும், சொத்துப் பெறுபவர் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது.

வழக்கறிஞருக்குக் காசு கொடுக்காமல் செய்யக்கூடியவை இன்னும் இரண்டு. 20,000 ராண்டு வரையிலான வழக்குக்குச் சிறு உரிமை நீதிமன்றம் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் வாதாட அனுமதியே இல்லை, இரு தரப்பும் நேரில் பேச வேண்டும். முதலில் பதினான்கு நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கேளுங்கள், அந்தக் கடிதத்தின் நகலோடு போனால் எழுத்தரே படிவத்துக்கு உதவுவார். வேலையிலிருந்து நியாயமின்றி நீக்கினால் சிசிஎம்ஏ என்ற தொழில் தகராறு சமரச ஆணையம் இருக்கிறது, அதற்கும் கட்டணம் இல்லை. ஆனால் நீக்கிய நாளிலிருந்து முப்பது நாளுக்குள் போக வேண்டும்.

கதிர்_மிட்ராண்ட்

இதுவரை நடந்தது: நாள்பட்ட நோய்ப் படிவம் ஏத்துக்கிட்டாங்க, இனி மாத்திரைக்குக் காசு இல்லைன்னு மின்னஞ்சல் வந்தாச்சு. கடல்காற்று தங்கச்சிக்கு என் மனைவி தனியா நன்றி சொல்லச் சொன்னாங்க. ஆபீஸ் சந்தா, கடன் ஆப், ஜிம் மூணையும் அடிச்சாச்சு. டிவியை விடல. பிள்ளைங்களுக்குத் தமிழ் காதுல விழணும்னு வீட்ல கறாரா சொல்லிட்டாங்க, அது சரிதான்னு எனக்கும் படுது. ட்யூஷன் இந்த டேர்ம் முடிஞ்சதும் பார்க்கணும்.

தேவன் ஐயா, ஒரு கேள்வி. அடுத்த மாசம் வீடு மாறுறோம். டெபாசிட்டை வீட்டுக்காரர் இழுத்தடிச்சா வக்கீல் வைக்கணுமா?

பீனிக்ஸ்_தேவன்

வேண்டாம் தம்பி. ஒவ்வொரு மாகாணத்திலும் வாடகை வீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது, புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. டெபாசிட்டை அவர் வட்டி வரும் கணக்கில் போட்டிருக்க வேண்டும், வட்டி உங்களுடையது. சேதமோ பாக்கியோ இல்லை என்றால் ஒப்பந்தம் முடிந்த ஏழு நாளில் திருப்ப வேண்டும். பழுது பார்க்க வேண்டியிருந்தால் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைப் பதினான்கு நாளில் தர வேண்டும், ரசீதுகளை நீங்கள் கேட்டுப் பார்க்கலாம். காலி செய்யும்போது இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். அந்த நாளில் கட்டாயம் போய் நில்லுங்கள். நீங்கள் போகாவிட்டால் அவருக்கு இருபத்தோரு நாள் அவகாசம் கிடைத்துவிடும். ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து, அன்றைக்கே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.